தலைவர் அணைத்த சூடம்

"உங்க தகராறு வழக்கு முடியாம வங்கிச் சொத்தை ஏலம் விட முடியாதுங்க. ஏலம் விடாம யாருக்கும் பணமில்லீங்க" என்றார் பானுமதி. மூடிப்போன வங்கியின் கணக்கைத் தீர்க்க நீதிமன்றம் அனுப்பிய அதிகாரி அவர்.

பணம் கேட்கும் மலைக்காரர்களில் பாதிப்பேர் பொய்க் கணக்குக் காட்டும் போலிகள் என்று அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர்களுக்குச் சந்தேகம். அவர்கள்தான் போலி என்று மலைக்காரர்களுக்கு. இரு தரப்புக்கும் வக்கீல் பிடித்துக் கொடுத்தவர், பணம் போட்டவர்கள் சங்கத்தின் தலைவர் தரணிதரன்.

"அம்மன் முன்னால சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். போலி தெரிஞ்சுரும்" என்றார் அவர்.

எல்லோரும் அணைத்தார்கள். மிளகு விற்ற காசையெல்லாம் அந்த வங்கியில் போட்டிருந்த மலைக்காரி கண்ணாயி, அணைத்துவிட்டு நிமிர்ந்து தலைவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க அணைக்கலீங்களா?"

"தலைவர்கிட்டயே சத்தியமா?"

"நீங்க தலைவர்னு அம்மனுக்குத் தெரியாதுங்க."

கூட்டம் கண்ணாயியை முறைத்தது. தரணிதரன் சால்வையை ஒதுக்கிக்கொண்டு, எரியும் சூடத்தின் மேல் கையை வைத்தார்.

"பொய்க் கணக்குக் காட்டி ஒத்தப் பைசா நான் கேக்கல."

கூட்டம் நெகிழ்ந்தது. பானுமதியும் தலையாட்டினார்.

"உண்மைதாங்க. அவர் அந்த வங்கியில பணமே போடலீங்க. கடன்தான் வாங்கியிருக்கார். ஏலத்துக்கு வரவேண்டியதே அவர் அடமானம் வச்ச காப்பித் தோட்டந்தான். தெரியாதுங்களா?"

கண்ணாயி இன்னொரு சூடத்தை ஏற்றினாள். எதிர்த்தரப்பில் முன்னால் நின்ற மருதாசலத்தைக் கூப்பிட்டாள். இருவரும் சேர்ந்து அணைத்தார்கள்.

"எங்களுக்குள்ள தகராறு இல்லீங்க. வழக்கை வாபஸ் வாங்கிக்கிறோமுங்க."

உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்த தரணிதரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க சாமி. அவங்களை நம்பலாமா?"