ஐந்தரை மணிக் கரடி

"வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?" என்று போனில் கேட்டது அந்தப் பெண் குரல்.

தான், கணவன், நாலு வயது மகள் என்றாள் அவள்.

மகளின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி ஒன்பது நாளாகிறது. எங்கிருந்து ஏறுகிறது என்பது அவருக்கும் தெரியவில்லை. மொதல்ல அதைக் கண்டுபிடிங்க என்று சொல்லி, ஒரு சீட்டில் சுகாதாரத் துறையின் இந்த உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

எட்டு நாளாக இந்த எண் மட்டும் கிடைக்கவில்லை. மற்ற எல்லோரும் கிடைத்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் பூச்சி மாத்திரை கொடுத்தார். குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னாள் நாத்தனார். மாடிவீட்டுக்காரர் தொலைவில் தெரிந்த புகைபோக்கியைக் கைகாட்டினார். வீடியோவில் ஒருவன், உடம்பிலுள்ள விஷம் அத்தனையையும் மூன்றே நாளில் உறிஞ்சி எடுக்கும் பொடி தன்னிடம் இருப்பதாகப் பல்லெல்லாம் தெரியச் சொன்னான்.

ஒருவருக்காவது ஒரு சந்தேகம் வரவேண்டுமே. எல்லோரும் கூடவே இருந்து பார்த்த மாதிரி பேசினார்கள்.

அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டால், யாரோ ஒருவர் மூட்டை முடிச்சோடு வேறு ஊரில் போய் இறங்குவார் என்பது அவளுக்குப் பன்னிரண்டு வருஷப் பாடம்.

"அந்தப் பொடியைக் குடுக்கலாமா?"

"வேண்டவே வேண்டாம்மா."

"அப்ப, குழாய்த் தண்ணிதான் காரணமா?"

"தெரியாதும்மா. சோதிச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும். நாளைக்கே ஆள் அனுப்புறேன்."

அந்தத் 'தெரியாது' காதில் விழுந்ததும் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டாக்டருக்குப் பிறகு நம்பும்படி அவள் கேட்ட முதல் வார்த்தை அது.

குரல் ஒவ்வொன்றாகக் கேட்டது. பொம்மைகள், பாத்திரங்கள், சுவர், ஜன்னல் கம்பி. அவள் எழுந்து எழுந்து பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னாள். எதிலும் ஒன்றும் சிக்கவில்லை.

"வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"பெயிண்டர்."

"புதுச் சுவருக்கு அடிக்கிறவரா, பழசைச் சுரண்டி அடிக்கிறவரா?"

"ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம். ஆறு மாசமா கதவு, ஜன்னல் எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிட்டிருக்காரு."

அதுவரை பின்னணியில் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது.

"பழைய பெயிண்ட்ல ஈயம் கலந்திருக்கும்மா. வேலை முடிஞ்சு அதே உடுப்போடயா வீட்டுக்கு வருவாரு?"

வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மணி ஐந்தரை.

பகலெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்த மகள் எழுந்து உட்கார்ந்தாள். ஒருநாளில் அவள் முகத்தில் உயிர் வருவது இந்த ஒரு நேரம்தான்.

"கரடி வந்தாச்சு!"

தலைமுடி, புருவம், சட்டை என எங்கும் வெள்ளைத் தூசியோடு அவன் வாசற்படியில் நின்று உறுமினான். தினமும் நடக்கிற விளையாட்டு. வெள்ளைக் கரடி சுண்டெலியைப் பிடிக்கும். சுண்டெலி கரடியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிடும்வரை இறங்காது.

மகள் ஓடினாள். அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

"தொடாதீங்க!"

அவள் அப்படிக் கத்தி அந்த வீடு கேட்டதில்லை. மகள் பாதி வழியில் நின்றுவிட்டாள். விரித்த கைகளை மடக்கத் தோன்றாமல் அவன் சிரிக்கப் பார்த்தான்.

"ஏன், என்னாச்சு?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் அந்தப் போனைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். ஒரு படி கீழே இறங்கினான். இன்னொரு படியும் இறங்கினான்.

மகள் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா? அவர் உடுப்பை யாரு துவைக்கிறது?"

"நான்தான்."

"துவைக்கிறதுக்கு முன்னாடி உதறுவீங்களா?"

"உதறாம எப்படி? அவ்வளவு தூசி இருக்குமே."

மறுமுனையில் குரல் தணிந்தது.

"இன்னொண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க மாசமா இருக்கீங்களா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, போனோடு சேர்த்து வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"மூணு மாசம்," என்றாள். "அவருக்கே இன்னும் சொல்லல."