நீங்க முன்னாடி போங்க

"நீங்க முன்னாடி போங்க தம்பி, எனக்கென்ன அவசரம்" என்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார் 'ஏதோ' அண்ணன். அதற்கு மேல் நகர்ந்தால் தரைதான்.

தையல் மெஷின் கம்பெனியில் மெக்கானிக் வேலைக்கு நேர்முகத் தேர்வு. வாசலில் காவலாளி, "எல்லாரும் அங்க போய் உக்காருங்க" என்று கை காட்டியதும் அண்ணனும் போய் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கை பட்ட மெஷின், கிழிந்த துணியைத் தானே தேடிப் போய்த் தைக்கும் என்பார்கள். அது மிகை, அடுத்த தெருவரைக்கும்தான் போகும். ஆனால் யாராவது புகழ்ந்தால், "ஏதோ எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று நெளிவார். அந்த 'ஏதோ'வே பெயராகிவிட்டது.

அவரிடம் வேலை பழகியவர்கள் எல்லாம் காரில் போனார்கள். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போவார், இடம் காலியாக இருந்தாலும். இந்தக் கம்பெனியிலும் அவர் பெயர் தெரியும். முகம் யாருக்கும் தெரியாது.

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்த மனைவி சொல்லித்தான் அனுப்பினாள்: "இத்தனை வருஷம் கழிச்சு வந்த நாற்காலி. இதையும் எவனுக்காவது விட்டுக்கொடுத்துட்டு வந்தீங்கன்னா, நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அண்ணன் வழிவிட்ட கட்டம்போட்ட சட்டைக்காரன், கதவைத் தட்டாமலே உள்ளே போனான். போனவன் திரும்பவில்லை. சற்று நேரத்தில் உள்ளிருந்து மணி அடித்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, கடைசியில் அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைந்தார். பெரிய மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, கட்டம்போட்ட சட்டை சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அண்ணனுக்குத் தொண்டைவரை ஒரு கேள்வி வந்தது. கேட்டால் உட்கார்ந்திருப்பவர் மனசு புண்படுமே என்று விழுங்கிவிட்டார்.

"மெஷின் ரிப்பேர் தெரியுமா?"

"ஏதோ... கொஞ்சம்."

"சொல்லிக் கொடுத்தா கத்துக்குவீங்களா?"

"முயற்சி பண்றேன் சார்."

சட்டைக்காரன் உதட்டைப் பிதுக்கினான். "சரி, சொல்லி அனுப்புறோம்."

சாயங்காலம் மனைவி வாசலிலேயே காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன மேனேஜரே, முதல் நாளே எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீங்க?"

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"என்னை எடுக்கலை."