தேதி போட்ட காளை

"இனிமே ஒருத்தனாலயும் ஒங்க மாட்டுப் படத்தைத் திருட முடியாதுங்கய்யா!"

இலக்கியா நாற்காலியைச் சுழற்றித் திரும்பினாள். கண்ணுசாமி இன்னும் உட்காரவில்லை. வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்த மனிதர், துண்டால் கழுத்தைத் துடைத்தபடி கடை வாசலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"திருட முடியாதுன்னா... என்ன பண்ணுனே ஆத்தா?"

"முந்தாநாளே பூட்டிட்டேன். படத்து மேல விரலை வச்சு எம்புட்டு நேரம் அமுக்குனாலும் சேவ் ஆகாது. குறுக்கால ஒங்க பேரையும் ஊரையும் போட்டுட்டேன்."

"நெத்திப் பொட்டு?"

"அதை மறைக்கலை. மறைச்சா நீங்க என்னைய விடுவீங்களா?"

நாலு மாதத்துக்கு முன்னால் இவர் முதன்முதலாக இந்தக் கம்ப்யூட்டர் கடைக்கு வந்து, "எங்க மாட்டுக்கு ஒரு வெப்சைட்டு வேணும்" என்று கேட்டபோது, பக்கத்து மேசை வனிதா சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டாள்.

கறுப்புக் காளை. நெற்றியில் மட்டும் விரலால் தொட்டு வைத்த மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. தினமும் விடிந்ததும் அவரே போனில் ஒரு படம் எடுத்து ஏற்றிவிடுவார். ஒவ்வொரு படத்திலும் காளையின் காலடியில் ஒரு சிலேட்டு. அதில் சாக்பீஸால் அன்றைய தேதி.

"ஏங்கய்யா, மாட்டைப் பள்ளிக்கூடத்துல சேத்துருக்கீங்களா?" என்று வனிதா கேட்டதற்குக்கூட அவர் கோபப்படவில்லை.

"இருக்கட்டும்மா. பழைய படம்னு யாரும் நெனைச்சிரக் கூடாதுல்ல" என்று மட்டும் சொன்னார்.

மாடு அத்தனை அழகு. படம் திருடு போகாமல் இருக்குமா? திருவரங்குளத்தில் ஒரு காதணி விழா பேனரில், யாரோ ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு அந்தக் காளைக்குப் பக்கத்தில் நின்றார். வாட்ஸ்அப் குழுக்களில் அதற்கு ஏழெட்டு முதலாளிகள் முளைத்தார்கள். கண்ணுசாமியும் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து நிற்பார். "யாரு எடுத்தா? எந்த ஊருக்காரன் எடுத்தான்?" என்று துளைத்தெடுப்பார். மனிதர் இருப்புக் கொள்ளாமல் தவிப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இலக்கியாவுக்கு அந்தத் தவிப்பு தெரியும். அவள் வரைந்த மருதாணிக் கைகளின் படங்களை ஒரு அழகு நிலையம் சுட்டுத் தன் போர்டில் போட்டுக்கொண்டது. போய்க் கேட்டதற்கு, "ஒன் கைன்னு எழுதியா இருக்கு?" என்றார்கள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் முந்தாநாள், அவர் சொல்லாமலேயே உட்கார்ந்து, யார் யார் எப்போது எடுத்தார்கள் என்பதையெல்லாம் தோண்டிப் பார்த்து, எல்லா வழியையும் அடைத்துவிட்டாள்.

"என்னங்கய்யா, மொகமே சரியில்ல? சந்தோசப்படுவீங்கன்னு பாத்தா!"

"ரெண்டு நாளா ஒருத்தரும் எடுக்கலையா?"

"ஒருத்தரும் எடுக்கலை."

"எடுக்கணும்னு வந்துகூடப் பாக்கலையா?"

"வந்தாங்க, வந்தாங்க. அதுலயும் ஒருத்தன் இருக்கான் பாருங்க..." இலக்கியா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். "மத்தவனெல்லாம் என்னைக்கோ ஒரு படம் எடுத்துட்டுப் போயிருவான். இவன் மூணு மாசமா ஒருநாள் விடலை. நீங்க படம் போட்ட அஞ்சாவது நிமிசம் ஆஜர். ஒரே போனு. அதான், மத்தவங்களுக்குப் படத்தைப் பூட்டுனேன். இவனுக்கு வெப்சைட்டையே பூட்டிட்டேன். அவன் போன்ல ஒங்க மாட்டோட வாலுகூடத் தெரியாது!"

கண்ணுசாமியின் நடை நின்றது.

"அது எந்த ஊரு?"

"திருப்பூர்."

இவ்வளவு நேரமும் தொடாத நாற்காலியில் அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"தெறந்து விடு ஆத்தா."

"எதைங்க?"

"பூட்டைத்தான். எம் பேரையும் அழிச்சிரு. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிரு. வெரசா!"

"நல்ல ஆளுங்கய்யா நீங்க! இருக்கிறதுலயே பெரிய திருடனுக்குக் கதவைத் தெறந்து விடச் சொல்றீங்க? இங்க பாருங்க, நேத்து மட்டும் நாப்பத்தோரு தடவை வந்து முட்டியிருக்கான். இன்னைக்குக் காலையில ஒரே ஒரு தடவைதான். சலிச்சுப் போச்சு. இனிமே இங்கிட்டு எட்டியே பாக்க மாட்டான்."

அவள் காட்டிய அந்த ஒற்றை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார் கண்ணுசாமி. துண்டு கையில் முறுக்கிக்கொண்டது.

"எம் மவன் ஆத்தா அது, கவியரசன். கன்னுக்குட்டியிலேருந்து அவன் வளத்த மாட்டை விக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னைக்கு வீட்டை விட்டுப் போனவன்தான். நம்பரையும் மாத்திட்டான், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான்னு காதுல விழுந்ததோட சரி."

இலக்கியாவின் கை மவுஸைத் தேடியது. அவர் எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"விக்கலடா, இன்னைக்கும் நம்ம வீட்டுலதான் நிக்கிதுடான்னு அவனுக்குக் காட்டத்தானே ஆத்தா தெனமும் தேதி போட்டேன்... ரெண்டு நாளா மாட்டைக் காணோம்னா, வித்துப்புட்டேன்னுல்ல நெனைச்சிருப்பான்!"