சனிக்கிழமை ஸ்லாட்

"காலையில எங்க வைஷ்ணவிதான் எழுதுவா. ஒங்க பையனை மத்தியானத்துக்கு மாத்திக்கங்க சார்."

"ஏன் டீச்சர், மத்தியானம் எழுதினா ஒங்க பொண்ணுக்குப் பேனா ஓடாதா?"

"கம்ப்யூட்டர்ல எழுதுற பரீட்சைக்குப் பேனா எங்கிட்டு வந்துச்சு?"

திருக்கோகர்ணத்தில் அந்தச் சந்துக்கு மாலை ஐந்து மணிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. எதிரெதிர் வீடுகள். இந்த கேட்டில் இளமதி. அன்னவாசலில் கணக்கு டீச்சர், வைஷ்ணவிக்கு அத்தை. அந்த கேட்டில் ரகுநாத்; சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தவன், கோபிநாத்துக்குத் தாய்மாமன். குழாயடியில் குடம் நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டும் பிளஸ் டூ. பெரிய நுழைவுத்தேர்வு ஒன்றுக்குத் திருச்சியில் சென்டர், சனிக்கிழமை. காலை ஒன்பது மணியா, மத்தியானம் இரண்டு மணியா என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். அன்று ஆறு மணிக்குள் பதிந்தாக வேண்டும்.

"எதுக்கு இந்த வம்பு? ரெண்டுக்கும் காலையே போட்டுட்டா ஒரே கார்ல போயிட்டு வந்துரலாம்ல?" என்றாள் வைஷ்ணவியின் அம்மா சொர்ணவல்லி.

"சேத்து அனுப்பிட்டு, அப்புறம் தெரு பேசுதுன்னு எங்கிட்ட அழுவாதீங்க அண்ணி."

தெரு பேசத்தான் செய்தது. பொங்கல் கழிந்து ஒருநாள் கோபிநாத் ஒரு பிசிக்ஸ் கைடை நீட்டினான், வைஷ்ணவி சிரித்தபடி வாங்கினாள். கைடு வாங்குவதற்கு எதற்குச் சிரிப்பு என்று தெரு ஒரு வாரம் ஆராய்ந்தது. "இன்னொரு பேச்சு என் காதுல விழட்டும், படிச்சது போதும்னு மாப்பிள்ளை பாத்துருவேன்" என்று சொர்ணவல்லி சொல்லிவிட்டாள். கட்டடம் கட்டப் படிக்க வேண்டுமென்று குன்றாண்டார்கோவில் மண்டபத் தூண்களை நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருந்த பெண், அன்றிலிருந்து தெருப்பக்கத்து ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

"தனித்தனியாப் போடணுங்கிறதுல டீச்சர் சொல்றது சரி. ஆனா காலை எங்களுக்கு" என்றான் ரகுநாத். "நாம எழுதுனப்ப இந்தச் சாய்ஸெல்லாம் இருந்துச்சா? எல்லாருக்கும் ஒரே வேளை. பேப்பரைப் புடுங்கிக்கிட்டு, பஸ்ஸேத்தி விட்டுட்டாங்க."

"அந்தக் கதை இப்ப எதுக்கு சார்?"

இதற்குள் ரகுநாத்தின் அக்கா செவந்தி காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏன்டா, சனிக்கிழம ஒம்பதுலேருந்து பத்தர ராகுகாலம்டா. காலையில நமக்கு வேணாம்."

சொர்ணவல்லிக்கு முகம் மாறியது. "அப்ப எங்களுக்கு மட்டும் வேணுமா? எங்க பிள்ளையும் மத்தியானமே எழுதட்டும்."

"ஒன்றரைலேருந்து மூணு எமகண்டமாம்" என்று செவந்தி அடுத்த வரியையும் படித்தாள்.

காலையில் ராகு, மத்தியானம் எமன். மணி ஐந்தே முக்கால்.

"விடுக்கா, ராகு அவங்களுக்கே இருக்கட்டும். எமனை நான் பாத்துக்கிறேன்" என்று ரகுநாத் இறங்கி வந்தான். அவ்வளவு நேரம் கத்திய ஆள் சட்டென்று இறங்கியது குழாயடிக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ரகுநாத் கார் ஓட்ட, நால்வரும் புறப்பட்டார்கள். வேளைதான் வேறு, கார் ஒன்றுதான். பின்சீட்டில் வைஷ்ணவியை ஒட்டி அத்தை. முன்னால் மாமன் பக்கத்தில் கோபிநாத். இதைவிடக் கட்டுக்காவல் ஜெயிலில்கூட இருக்காது.

அரை மணிக்கு ஒருதரம் வீட்டிலிருந்து போன் போனது.

"வைஷ்ணவி?"

"உள்ள எழுதுறா அண்ணி."

"அந்தப் பையன்?"

"அங்கிட்டு மரத்தடியில படிக்கிறான்."

மத்தியானத்துக்கு மேல் பதில் மாறியது. பையன் உள்ளே, பெண் காருக்குள் தூங்குகிறாள். சொர்ணவல்லி திருப்தியாகப் போனை வைத்தாள். செவந்தியும் அப்படியே. வேறு எதையும் கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பொழுது சாய்ந்து கார் வந்து நின்றபோது, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் சந்தே வாசலில் நின்றது. ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டு இந்த வீட்டுக்குப் போனது, இன்னொன்று பசிக்குது என்று அந்த வீட்டுக்குப் போனது. சீ என்றாகிவிட்டது தெருவுக்கு.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. அப்படியொரு சண்டையைச் சந்து அப்புறம் பார்க்கவே இல்லை. குழாயடியில் இப்போதும் அந்தப் பேச்சு வந்தால் பெருமூச்சு விடுகிறார்கள். வைஷ்ணவி கோயம்புத்தூரில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். கோபிநாத் சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் படிப்பு. தீபாவளிக்கு வந்தால் ஒருவரையொருவர் கண்டுகொள்வதுகூட இல்லை.

கல்யாணம் நடந்தது இளமதிக்கும் ரகுநாத்துக்கும்தான். அந்த ஆவணியிலேயே, திருக்கோகர்ணம் கோயிலில். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு இருவரும் ஒரே டியூஷன், ஒரே டவுன் பஸ் என்பதைத் தெரு எப்படியோ கோட்டை விட்டிருந்தது. தை பிறந்ததும் சிங்கப்பூருக்குக் குடிபோனார்கள்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் சொர்ணவல்லி ஆற்றமாட்டாமல் கேட்டாள்: "ஏன் இளமதி, மனசுல இதை வச்சுக்கிட்டா ரெண்டு பேரும் காலையா மத்தியானமான்னு தெருவே கேக்க அப்படிச் சண்டை போட்டீங்க?"

இளமதி தலையை நிமிர்த்தாமல் சேலையை மடித்தாள்.

"ரெண்டு பிள்ளைக்கும் காலையே போட்டிருந்தா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்போமே அண்ணி."