ஒன்பது தலை

“நல்லா எண்ணிக்குங்க சார். மெஷின்ல ஆறு, கட்டிங் மாஸ்டரோட ஏழு, பட்டன் தைக்கிற அக்கா எட்டு, இஸ்திரி போடுற இந்தம்மா ஒம்பது. அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.”

தையல் கம்பெனி முதலாளி நாற்காலியில் சாய்ந்து, துணி மூட்டை மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

தொழிலாளர் துறை ஆய்வாளர் மறுபடியும் எண்ணினார். கட்டிங் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். வெட்டுத்துணிதான் கிடந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நீங்களும் இங்கதானே இருக்கீங்க?”

“மொதலாளி கணக்குல வரமாட்டான் சார். சட்டத்துல அப்படித்தானே எழுதி வச்சிருக்கீங்க.”

“அதானே. வேலை செய்றவங்களத்தானே எண்ணணும்,” என்றார் கட்டிங் மாஸ்டர், கத்தரியை நிறுத்தாமல். மெஷின்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது.

இஸ்திரி போடும் பெண் சிரிக்கவில்லை. எட்டு மாத வயிறு மேசையில் இடிக்காமல் ஒருக்களித்து நின்று தேய்த்துக்கொண்டிருந்தாள். புகார் எழுதிப் போட்டவள் அவள்தான்.

“பிரசவத்துக்குச் சம்பளத்தோட லீவு கேட்டேன் சார். வீட்டுலயே இருந்துக்க, புள்ள நடக்க ஆரம்பிச்சதும் வா, வேலை இருந்தா பாக்கலாம்ங்கறாரு.”

“பத்துப் பேர் இருந்தாத்தாம்மா சட்டம் இந்த வாசலுக்குள்ளயே வரும்.” ஆய்வாளரின் குரல் இறங்கியது. “ஒம்பதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“பதினாறு பேர் வேலைய ஒம்பது பேர் செய்றோமே, அதை எண்ண மாட்டீங்களா?”

“தலையத்தாம்மா எண்ண முடியும்.”

“அப்ப என் வயித்துல இருக்கறது?”

“அதை நான் இன்னும் வேலைக்குச் சேக்கல,” என்றார் முதலாளி. “ஏழு வருஷமா ஒம்பதுதான் சார். ஒருத்தன் உள்ள வந்தா ஒருத்தன் வெளிய. பத்தாவதா ஒருத்தன் சம்பளம் வாங்கினான்னு எவனாவது சொல்லட்டும், கம்பெனியையே எழுதித் தர்றேன்.”

ஆய்வாளர் பேனாவை மூடி, ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அப்போது வியர்த்து வழிந்தபடி ஒருவர் உள்ளே வந்தார்.

“மொதலாளி, காலையிலேருந்து தெருமுனையிலயே நின்னு கண்ணு பூத்துப்போச்சு. லேபர் ஆபீஸ் ஜீப் எதுவும் வரல. நான் சாப்பிடப் போகட்டுமா?”

முதலாளியின் கால் மூட்டையிலிருந்து இறங்கியது. “யாருய்யா நீ? கண்டவனும் உள்ள வந்துடறான்.”

“என்ன மொதலாளி இப்படிக் கேக்கறீங்க? இந்த மூணு வருஷமா மாசம் பொறந்தா எனக்குச் சம்பளம் எண்ணிக் குடுக்கறது யாரு?”

பஸ்ஸில் வந்திருந்த ஆய்வாளர் மறுபடியும் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

இஸ்திரி போடும் பெண் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்து, வந்தவருக்குப் போட்டாள். “உக்காருங்கண்ணே. ஆபீசர் பத்துன்னு எழுதி முடிக்கிற வரைக்கும் சாப்பாட்டுக்கு எங்கயும் போயிடாதீங்க.”