வெள்ளைக் கைக்குட்டை

எட்டு நாடுகளுக்குப் பதினோரு வருடம் கடிதம் எழுதி எழுதியே, காது கேளாதவர்களுக்கென்று இந்தப் பந்தயத்தைக் கூட்டியிருந்தார் தாசையா. அவருக்கும் காது கேட்காது. துப்பாக்கியெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, ஓட வந்த பெண்களுக்கு எதிரே தானே வெள்ளைக் கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து நின்றார். அது விழுந்ததும் ஓட வேண்டும்.

விழுந்தது. ஒருத்தியும் நகரவில்லை.

வரிசையில் இருந்த வேதவல்லி, தன் பக்கத்தில் நின்றவளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பந்தயங்களில் வெடிச்சத்தம் கேட்காமல், அடுத்த கால் கிளம்பிய பிறகே கிளம்பி, எப்போதும் கடைசியாக வந்தவள் அவள். பக்கத்தில் நின்றவளோ தனக்கு அடுத்தவளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நாட்டிலும் இதே பழக்கம்தான் போலிருக்கிறது.

தாசையாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நடந்து வந்து ஒவ்வொருத்தியின் முகவாயையும் விரலால் நிமிர்த்தினார். தன் ஊர்க்காரியான வேதவல்லியிடம் கைச்சாடையில் சொன்னார்: "யாரு காலையும் பாக்க வேண்டாம் தாயி. என்னைப் பாரு."

அவள் கும்பிடப் போனாள். அவர் அந்தக் கைகளைப் பிடித்து, ஓட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் மண்ணில் ஊன்றிவைத்தார்.

கைக்குட்டை மறுபடி விழுந்தது. பக்கத்தில் ஓடியது யார் என்று வேதவல்லிக்குக் கடைசிவரை தெரியாது.