பச்சை வரிசை

"கேமராவை நல்லாக் கிட்டக் கொண்டு வாங்க. இந்த அழுகலை நாடே பார்க்கட்டும்" என்றார் யோஸ்ட்.

எம்மெலோர்டு ஊரை ஒட்டிய அந்த உருளைக்கிழங்கு வயலில், மரபணு திருத்திய செடிகளை நட்டுச் சோதித்துக்கொண்டிருந்தாள் வீட்ஸ்கே. அதை ஒழித்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, உட்ரெக்ட் நகரத்திலிருந்து ஆட்களோடு விடிந்ததும் விடியாததுமாக வந்து இறங்கியிருந்தார் யோஸ்ட். வரிசைகளில் பெயர் கிடையாது, வெறும் எண் அட்டைகள்தான். அதனாலென்ன, அவருக்குக் கண் இல்லையா? பாதி வரிசைகள் கறுத்து, அழுகி, நாற்றமெடுத்து நின்றன. மீதி பச்சைப்பசேலென்று நின்றன. கறுத்ததையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டாயிற்று. தொலைக்காட்சிக்காரர்களும் வந்தாயிற்று. அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

வீட்ஸ்கே சைக்கிளில் வந்து இறங்கினாள். சோதனையைத் தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு செய்ய அன்று மதியம்தான் ஹேக் நகரத்திலிருந்து அரசாங்க அதிகாரிகள் வருவதாக இருந்தது. பத்து வருஷத்துப் பாடு. அழுது கூப்பாடு போடுவாள் என்று யோஸ்ட் எதிர்பார்த்தார். அவளோ பிடுங்கிப் போட்டதைக் காலணி நுனியால் புரட்டிவிட்டு, குனிந்து எண் அட்டைகளைப் பார்த்தாள். பாவம், இடிந்துபோய்விட்டாள் என்று அவருக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

"பச்சையா நிக்கிறதை ஏன் விட்டுட்டீங்க?"

"நல்ல செடியில நான் ஏம்மா கை வைக்கிறேன்?"

"அதைக் கொஞ்சம் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்களேன்."

கேட்கவா வேண்டும்! யோஸ்ட் பச்சை வரிசைக்கு நடுவில் போய் நின்றார். ஒரு செடியை ஆசையாகப் பிடித்துக்கொண்டார்.

"மருந்தே அடிக்காத வயல்னு வாசல்ல பலகை இருக்கு. இந்தக் கோடை பூரா மழை வேற, அழுகல் நோய் பரவ அது போதும். அப்படியும் இலையில ஒரு புள்ளி இல்லை, பாருங்க. நம்ம பிள்ளைங்க சாப்பிட வேண்டியது இதைத்தான். நான் உத்தரவாதம்."

"இது நேரலைதானே?" என்று வீட்ஸ்கே கேட்டாள். கேமராக்காரர் தலையாட்டினார். அதற்குமேல் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரொம்ப நன்றி, யோஸ்ட். இதையே நான் சொல்லியிருந்தா, தன் சரக்கைத் தானே மெச்சிக்கிறாள்னு சொல்லியிருப்பாங்க. நீங்க பிடுங்கிப் போட்டது நாம காலம்காலமா சாப்பிடுற சாதாரணக் கிழங்கு, ஒப்பிட்டுப் பார்க்க நட்டது. இப்ப கையில பிடிச்சிட்டு நிக்கிறீங்களே, அதுதான் என்னோடது."